திமிங்கிலமும் கூனி இறாலும்

திமியென்னும் பெருமீனை விழுங்குவதனால் வடமொழியாளர் இதற்குத் திமிங்கிலமெனப் பெயரிட்டனர். திமிங்கிலத்தையும் விழுங்கும் திமிங்கிலகிலம் ஒன்றையும் புலவர் கற்பித்தனர், கற்பனைக்குக் கரையேது!

நம் கடலில் வாழும் நீலத்திமிங்கிலமோ மீனுமன்று, பெருமீனை விழுங்குவதுமன்று. அதற்குத் தொண்டையே இடந்தராது. நுரையீரலால் மூச்சுவிட்டு, கன்றீன்று பாலூட்டும் உயிரது. பிற கடல்களில் அதன் இரை கிறில் என்னும் சிற்றுயிர். இலங்கைக் கடலிலோ ஒருவகைச் சிற்றிறாலையே மிகுதியும் உண்கிறதென, அதன் கழிவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கல்முனை இல்லங்களிற் சம்பலுக்கு இடிக்கும் கூனிக்கு அவ்விறால் நெருங்கிய உறவு! நூறு அடி வரை வளரவல்ல இனத்துக்கு இத்துணைச் சிறிய உணவு.

துருவக் குளிர்கடலை நாடாது, இவை வெப்பக்கடலிலேயே ஆண்டு முழுதும் வாழ்கின்றன. திருகோணமலையில் ஆழ்கடற் பள்ளத்தாக்குத் துறைமுகம்வரை நீள்வதால், சுவாமிமலைப் பாறையில் நின்றே இவற்றின் மூச்சுத்தாரையைக் காணலாம்.

தெற்கே தெய்வேந்திரமுனைக்கு அப்பால் இவற்றின் மேய்ச்சற் கடலை ஊடறுத்துக் கப்பற்பாதை செல்கிறது. மோதுண்டு மடிந்தவை பல. பாதையை 15 கடல்மைல் தெற்கே நகர்த்தினால் ஆபத்துப் பெரிதுங் குறையுமென்பது ஆய்வாளர் கருத்து. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கிற்று.