தாழையூத்துக்கு முன் எத்தனை ஓட்டு?

கங்கைகொண்டானில் பாசஞ்சர் ஏறினால் தாழையூத்து வருவதற்குள் ஒரு பெட்டி முழுக்க ஓட்டுக் கேட்டு முடித்துவிட வேண்டும். அந்த வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளேயே போக வழி கிடையாது. தாழையூத்தில் குதித்து அடுத்த பெட்டிக்கு ஓடினால், திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் அதையும் முடித்துவிடலாம். 1984இல் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மாணவர் பேரவைச் செயலாளர் பதவிக்கு நின்றபோது இதுதான் என் பிரசாரத் திட்டம்.

போஸ்டர் அடிக்கக் கையில் காசில்லை. பழைய செய்தித்தாளில் நீலத்தைக் கரைத்துப் பெயர் எழுதினோம். அம்மா காய்ச்சிக் கொடுத்த மைதாப் பசையைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் இரவோடு இரவாக ஒட்டினோம். விடிந்து பார்த்தால் பாதியை மாடு தின்றிருந்தது. ஹாஸ்டல்காரர்கள் ஓட்டு ஒரு பக்கம், ஊரிலிருந்து வந்து போகிறவர்கள் ஓட்டு ஒரு பக்கம். சேர்மன், செயலாளர் என்று நிற்கிற எல்லோரும் கல்லூரி அரங்கில் மேடையேறிப் பேச வேண்டும். தொண்டை அடைத்து நின்றால் விசில் பறக்கும்.

நான் கொடுத்தது ஒரே வாக்குறுதி. கடைசிப் பீரியடைப் பத்து நிமிஷம் முன்னால் முடித்தால் சாயங்கால வண்டியைப் பிடிக்கலாம். விட்டால் ராத்திரிதான் வீடு. தோற்றுப்போனேன். ஆனால் ஜெயித்த ஹாஸ்டல் அண்ணன் முதல் வேலையாக முதல்வரிடம் போய் அந்தப் பத்து நிமிஷத்தை வாங்கினார். என் மேல் பாசம் ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் அவருடைய ஆட்களுக்கு ரயில்காரர்கள் ஓட்டு வேண்டுமே! ஓட்டு எப்படி வேலை செய்யும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில் மாணவர் தலைவர் என்றால் ஒரு மிரட்சி உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற பெ. சீனிவாசன், 1967இல் விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தார். எங்கள் பக்கத்தில், 1970களின் தொடக்கத்தில் மாணவர் போராட்டத்தின் மீது நடந்த தடியடியின்போது உயிரிழந்த லூர்துநாதனுக்குப் பாளையங்கோட்டையில் சிலையே இருக்கிறது. பேரவைக்கு நிற்கிற பையனை வீட்டில் பெருமையோடும் பயத்தோடும் பார்த்ததற்கு இவையெல்லாம் காரணம்.

எல்லாம் பொற்காலம் என்று சொன்னால் பொய். சினிமா டிக்கெட்டுக்கு ஓட்டு விற்றவர்கள் இருந்தார்கள். பெயரைக் கேட்டுவிட்டு "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று சாதியை மோப்பம் பிடித்தவர்களும் இருந்தார்கள். சோடா பாட்டில் பறந்த நாளும் உண்டு. அதையே காரணம் காட்டித்தான் ஒவ்வொரு கல்லூரியாகத் தேர்தலுக்குப் பூட்டுப் போட்டார்கள். தேர்தல் போனால் சாதியும் போய்விடும் என்றார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அங்கே எந்தப் பேரவைத் தேர்தல் நடந்தது?

இன்று கங்கைகொண்டான் வேறு ஊர். நாற்கரச் சாலை, சிப்காட், டயர் ஆலை, சூரியத் தகடு ஆலை. எங்கள் காலத்தில் வேலியே இல்லாமல் திரிந்த புள்ளிமான்களுக்கு 2013இல் 288 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி மகள் முதுகலை படிக்கிறாள். வகுப்புக்கு அவள்தான் 'ரெப்'. கேட்டேன்.

"ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்களா தாயி?"

"இல்ல பெரியப்பா, ஹெச்ஓடி மேடம் சொன்னாங்க."

"எதிர்த்து யாரும் நிக்கலியா?"

"நிக்கதுன்னா?"

பேரவைக்கும் இதே கதைதான்: மார்க்கும் நடத்தையும் பார்த்துப் பெயர் சொல்கிறார்கள். விழா வைத்து, தோளில் பட்டை மாட்டி, உறுதிமொழி எடுக்க வைத்து போட்டோ பிடிக்கிறார்கள். சில கல்லூரிகளில் வாக்கெடுப்பும் உண்டு. ஆனால் கொடி கட்டி, கூட்டம் போட்டு, எதிராளியோடு வாதாடி ஜெயிக்கிற தேர்தல் அபூர்வமாகிவிட்டது. ரெப்புக்கு உள்ள வேலை, மேலிருந்து வரும் தகவலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. கீழிருந்து மேலே எதையும் கொண்டுபோவதில்லை.

தேர்தலை ஒழுங்காக நடத்த வழியே இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழக வழக்கை ஒட்டி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 75 சதவீத வருகை வேண்டும். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும். ஒலிபெருக்கி ஊர்வலம் கிடையாது. மொத்தமும் 10 நாளுக்குள் முடிய வேண்டும். படித்தபோது சிரித்துவிட்டேன்: காசில்லாமல் நாங்கள் செய்ததைக் கோர்ட்டே விதியாக்கிவிட்டது! செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம்; அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பேரவைத் தேர்தல் நடக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பக்குவம் வரவில்லை என்று யார் முடிவு செய்தது?

பக்குவம் உண்டு என்பதற்கு ஊராட்சியே சாட்சி. 2021 உள்ளாட்சித் தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டி மக்கள், பொறியியல் படித்த இளம்பெண் சாருகலாவைத் தலைவராக்கினார்கள்.

1984 டிசம்பரில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்தே ஓட்டுப்பதிவு நடந்தது. எனக்கு வயது 19. ஓட்டுரிமைக்கு 21 ஆக வேண்டும். நாட்டுக்கு ஓட்டுப் போடத் தகுதியில்லை, கல்லூரிக்குப் போட்டேன், போட்டியே இட்டேன். 1989 மார்ச்சில் ஓட்டு வயது 18 ஆனது. தம்பி மகள் 2024 ஏப்ரல் 19 அன்று வரிசையில் நின்று நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். பிரதமர் யார் என்று தீர்மானிக்க அவளுக்கு உரிமை உண்டு. வகுப்புக்கு ரெப் யார் என்று தீர்மானிக்கத்தான் இல்லை.

அவளுக்கும் என்னைப் போலவே ஒரு கோரிக்கை இருக்கிறது. சாயங்காலம் தூரத்து பஸ்கள் கங்கைகொண்டானில் நிற்காமல் போகின்றன. கடைசி வகுப்பைக் கொஞ்சம் முன்னால் விட்டால் ஊர் பஸ்ஸைப் பிடிக்கலாம். குழுவில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"அதுல அட்மின் மட்டுந்தான் பேச முடியும் பெரியப்பா" என்றாள்.