ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் 10,000 டாலர் அபராதம்... தெரியுமா?

கனடாவில் பெட்ரோல் பம்பில் ஒரு ஸ்டிக்கர் இல்லையென்றால், பங்க் நடத்தும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம் போட ஒரு சட்டம் இருந்தது, தெரியுமா? ஒன்டாரியோ மாகாண அரசு 2019-ல் கொண்டுவந்தது அது. மத்திய அரசின் கார்பன் வரியால் பெட்ரோல் விலை எவ்வளவு ஏறுகிறது பாருங்கள் என்று வாடிக்கையாளரை உசுப்பிவிடும் ஸ்டிக்கர்! கூத்து என்னவென்றால், பசை சரியாகப் பிடிக்காமல் பல பம்புகளில் அது தானாகவே உரிந்து வந்துவிட்டது. 2020-ல் நீதிமன்றமும், கருத்துரிமைக்கு விரோதம் என்று சட்டத்தைச் செல்லாததாக்கியது.

சண்டையின் மூலம், 2018-ல் வந்த மத்திய சட்டம். கார்பனுக்குச் சொந்தமாக விலை வைக்காத மாகாணங்களில் மத்திய அரசே வைக்கும் என்றது அது. 2019 ஏப்ரலில் டன்னுக்கு 20 டாலர். மூன்று மாகாணங்கள் கோர்ட்டுக்கு ஓடின. சஸ்காட்செவன் நீதிமன்றத்தில் 3-2, ஒன்டாரியோவில் 4-1 என மத்திய அரசு ஜெயித்தது. ஆல்பர்ட்டாவில் 4-1 எனத் தோற்றது! கடைசியில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று வரி செல்லும் என்றது. இவ்வளவு முரண்டுபிடித்த ஆல்பர்ட்டாதான், 2007-லேயே வட அமெரிக்காவில் முதன்முதலாகத் தொழிற்சாலைக் கார்பனுக்கு விலை வைத்த இடம். நம்ப முடிகிறதா?

உச்சக்கட்டம் இனிமேல்தான். 2023 அக்டோபரில் பிரதமர் ட்ரூடோ, வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருடம் வரிவிலக்கு தந்தார். அதிகப் பலன் அட்லாண்டிக் கரை மாகாணங்களுக்கு. சஸ்காட்செவன் வீடுகளை அந்த உறைபனியில் சூடாக்குவதோ இயற்கை எரிவாயு! முதல்வர் ஸ்காட் மோ கொதித்தெழுந்தார். 2024 ஜனவரி முதல் எரிவாயுவுக்கு வரி வசூலிப்பதையே நிறுத்தினார். அதிகாரிகள் மாட்டிக்கொள்ளாதிருக்க, பொறுப்பை அமைச்சர் தலையில் சுமத்தத் தனிச் சட்டமும் தயார். மத்திய வரித்துறை விடுமா? மாகாண அரசின் வங்கிக் கணக்கிலிருந்தே சுமார் 28 மில்லியன் டாலரை எடுக்கப் போனது. நீதிமன்றம் தடை போட்டு, பிறகு சமரசம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், வரி கட்ட மறுத்த அந்த மாகாணத்தின் குடும்பங்களுக்கும், வரிப்பணத்திலிருந்து மத்திய அரசு திருப்பித் தரும் கார்பன் ஈவுத்தொகை நிற்காமல் வந்துகொண்டிருந்தது!

இத்தனை வழக்கிலும் பிழைத்த வரிக்கு, தேர்தல் அரசியல்தான் எமன். 2025 மார்ச் 14, மார்க் கார்னி பிரதமரான முதல் நாளே கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 1 முதல் பொதுமக்களுக்கான கார்பன் வரி பூஜ்யம். பெரிய ஆலைகளுக்கான விலை நிர்ணயம் மட்டும் மத்திய சட்டத்தில் அப்படியே இருக்கிறது.