கழித்த பணம் யாருடையது?

மாத முடிவில் கைக்கு வந்த தொகையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, சம்பளச் சிட்டையை மடித்துப் பையில் திணித்துவிடும் வழக்கம், இலங்கையில் கந்தோரில் உத்தியோகம் பார்ப்போரிடத்தும் மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்போரிடத்தும் ஒருங்கே காணப்படுவதாகும். அதில் கழிவென்று குறிக்கப்பட்டிருப்பது கைவிட்டுப் போன பணமன்று, முதுமைக்கென்று சட்டம் ஒதுக்கிவைத்த சொந்தச் சம்பாத்தியமே என்பதைப் பலர் சிந்திப்பதில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் தம் வேதனத்தில் குறைந்தது நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி தம் பணத்திலிருந்து 12 பங்கும் செலுத்த வேண்டும்; 60,000 ரூபாய் பெறுவோர் கணக்கில், அவருடைய 4,800 ரூபாயும் முதலாளியின் 7,200 ரூபாயுமாக மாதந்தோறும் 12,000 ரூபாய் சேர்தல் நியாயம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 பங்கோ முழுவதும் முதலாளியின் பொறுப்பு. இந்தப் பன்னிரண்டையும் மூன்றையும் ஊழியரின் சம்பளத்திலேயே கழித்துக்கொண்டு, "உன் பேரில்தானே கட்டுகிறேன்" என்று உபகாரம் செய்தாற்போலப் பேசும் முதலாளிமாரும் உண்டு. அது உபகாரமன்று, சட்டவிரோதம்.

இதனினும் பெரிய அபாயம், சிட்டையில் கழித்த தொகை நிதிக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடுவது. அடுத்த மாதம் முடிவதற்குள் செலுத்தவேண்டிய பணத்தைத் தம் வியாபாரத்துக்குச் சுழலவிடுவோர், தாமதத்துக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் இறுக்க நேரும் என்றாலும், ஊழியர் வாய் திறவாதவரையில் அந்தத் தாமதம் வெளிப்படுவது அரிது. வேதனக் கணக்கில் வாழ்க்கைச் செலவுப் படியையும் உணவுப் படியையும் சேர்க்காமல் விட்டுத் தொகையைக் குறைப்பது மற்றொரு தந்திரம். மேலதிக நேரக் கொடுப்பனவு அக்கணக்கில் சேராதென்பதைச் சொல்லி ஏனைய படிகளையும் ஒதுக்கிவிடுவார்கள். தற்காலிக ஊழியர், தகுதிகாண் காலத்தவர் என்ற பேதம் காட்டி விலக்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை.

வருமான வரி வேறு விஷயம்: 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளத்தில் வரி கழிப்பதற்கில்லை.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைக் கோரும்போது, அடையாள அட்டையில் ஒரு பெயரும் அங்கத்துவப் பதிவில் வேறொரு பெயருமாக இருப்பதால், தோட்டத் தொழிலாளர் பலர் தம் பணத்துக்காகவே அலைந்து திரிகிறார்கள். உழைத்தவருக்குப் பெயர்ப் பிழையால் நேரும் இந்த வேதனை, வேலையிற் சேர்ந்த அன்றே எழுத்தைச் சரிபார்த்திருந்தால் தவிர்ந்திருக்கும். ஆகவே அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள், சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள், நிதியைக் காக்கும் மத்திய வங்கியின் கணக்குக் கூற்றோடு அவற்றை ஒப்பிடுங்கள். பேதம் கண்டால், அப்பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். தொழில் ஆணையாளரின் சான்றிதழின் பேரில், நிலுவையை நீதவான் நீதிமன்றம் தண்டப்பணம் போல அறவிட்டுத் தரும்.