நியூயார்க் நகரத் தீயணைப்பு வீரர் ஆள்தேர்வு

நியூயார்க் நகரத் தீயணைப்பு வீரர் ஆள்தேர்வு என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையில் (சுருக்கமாக எஃப்.டி.என்.ஒய்.) பணியாற்ற வீரர்களைத் தெரிவு செய்யும் முறை ஆகும். எழுத்துத் தேர்வு, தரவரிசைப் பட்டியல், உடல் திறன் சோதனை, பின்புல ஆய்வு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சிக் கழகம் ஆகியவை இதன் முக்கியப் படிகள் ஆகும். விண்ணப்பித்த ஒருவர் பணியில் சேரச் சில ஆண்டுகள் ஆகலாம். இத்தேர்வு எதனை அளக்க வேண்டும் என்பது பற்றி நீதிமன்றங்களில் நடந்த வழக்குகள் இன்றைய தேர்வுமுறையைப் பெரிதும் வடிவமைத்தன.

பின்னணி

நியூயார்க்கில் தொடக்க காலத்தில் தன்னார்வலர்களே தீயணைப்புப் பணியைச் செய்து வந்தனர். 1865 ஆம் ஆண்டில் ஊதியம் பெறும் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. 1870 ஆம் ஆண்டில் அது நகர நிர்வாகத்தின் கீழ் வந்தது. இன்று மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய ஐந்து பெருநகரப் பிரிவுகளிலும் இத்துறை இயங்குகிறது.

தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் இருவகைக் குழுக்களில் பணியாற்றுகின்றனர். எஞ்சின் குழு குழாய்களை இழுத்துச் சென்று நீர் பாய்ச்சித் தீயை அணைக்கும். ஏணிக் குழு கதவுகளை உடைத்து உள்ளே நுழைதல், சிக்கியவர்களைத் தேடி மீட்டல், புகை வெளியேற வழி செய்தல் ஆகிய பணிகளைச் செய்யும். உடல் திறன் சோதனையின் பகுதிகள் இப்பணிகளையே ஒத்திருக்கின்றன.

விண்ணப்பமும் தகுதிகளும்

இத்தேர்வு நகரக் குடிமைப்பணித் தேர்வுகளில் ஒன்றாகும். நகர நிர்வாகச் சேவைகள் துறை இதனை நடத்துகிறது. இது ஆண்டுதோறும் நடைபெறுவதில்லை. 1999, 2002, 2007, 2012, 2017 எனச் சில ஆண்டுகள் இடைவெளி விட்டே நடத்தப்பட்டுள்ளது. வயது வரம்பும் இருப்பதால், ஒரு தேர்வைத் தவறவிட்டவர் அடுத்த தேர்வுக்குள் வயது கடந்து வாய்ப்பை முற்றிலும் இழந்துவிடக்கூடும்.

2017 ஆம் ஆண்டுத் தேர்வின் முக்கியத் தகுதிகள் வருமாறு:

* பதினேழரை வயது நிறைந்திருத்தல். விண்ணப்பக் காலம் தொடங்கும் நாளில் 29 வயதை எட்டாதிருத்தல். படைத்துறையில் பணியாற்றியோருக்கு இவ்வரம்பில் தளர்வு உண்டு.
* பணியமர்த்தப்படும்போது 21 வயது நிறைந்திருத்தல்.
* பணியமர்த்தப்படும்போது ஐக்கிய அமெரிக்கக் குடியுரிமையும் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் பெற்றிருத்தல்.
* கல்லூரியில் 15 பாட அலகுகள் முடித்திருத்தல். அல்லது உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுடன் ஆறு மாத முழுநேர ஊதியப் பணி அனுபவமோ படைத்துறைப் பணியோ பெற்றிருத்தல்.

ஒவ்வொரு தேர்வுக்கும் தனி அறிவிக்கை வெளியிடப்படும். விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிப்போருக்கு அந்தந்த ஆண்டின் அறிவிக்கையே அடிப்படை ஆகும்.

எழுத்துத் தேர்வும் பட்டியலும்

2012 ஆம் ஆண்டு முதல் எழுத்துத் தேர்வு கணினி வழியாக நடத்தப்படுகிறது. தீயணைப்பு பற்றிய முன்னறிவு இதற்குத் தேவையில்லை. படித்ததைப் புரிந்துகொள்ளுதல், தகவல்களை நினைவில் வைத்தல், காரணம் அறிந்து முடிவெடுத்தல் முதலிய திறன்கள் சோதிக்கப்படுகின்றன.

தேறியவர்கள் மதிப்பெண் வரிசையில் பட்டியலிடப்படுவர். நகரில் வசிப்போர், முன்னாள் படைவீரர்கள், பணியின்போது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கப்படும். துறைக்கு ஆட்கள் தேவைப்படும்போது பட்டியலின் மேலிருந்து அழைப்பு வரும். பட்டியல் சில ஆண்டுகள் மட்டுமே செல்லுபடியாகும் ஆதலால், தேறியவர்களுள் கீழே இருப்போர் பலருக்கு அழைப்பு வருவதில்லை. ஒருசில மதிப்பெண் வேறுபாடு பட்டியலில் பல நூறு இடங்களை மாற்றிவிடக்கூடும்.

இத்துறையில் அவசர மருத்துவப் பணியாளராக இருப்போர் பதவி உயர்வுத் தேர்வு எழுதியும் தீயணைப்பு வீரர் ஆகலாம். இது மற்றொரு வழியாகும்.

உடல் திறன் சோதனை

2007 ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து, பன்னாட்டுத் தீயணைப்பு வீரர்கள் சங்கமும் பன்னாட்டுத் தீயணைப்புத் தலைவர்கள் சங்கமும் இணைந்து உருவாக்கிய சோதனை இங்கு பயன்படுத்தப்படுகிறது. இதற்கு மதிப்பெண் இல்லை. தேறுதல், தேறாமை என்ற இரண்டு முடிவுகள் மட்டுமே உண்டு. சுமார் 22.7 கிலோகிராம் எடையுள்ள மேற்சட்டை அணிந்து, எட்டுப் பகுதிகளை 10 நிமிடம் 20 நொடிகளுக்குள் இடைவிடாது முடிக்க வேண்டும். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நடந்தே செல்ல வேண்டும், ஓடுதல் கூடாது.

1. படியேறுதல்: தோள்களில் மேலும் 11.3 கிலோகிராம் சுமந்து, படியேறு பொறியில் நிமிடத்திற்கு 60 படிகள் வீதம் 3 நிமிடம் ஏறுதல்.
2. குழாய் இழுத்தல்: நீளமான தீயணைப்புக் குழாயைத் தோளில் போட்டு இழுத்துச் செல்லுதல்.
3. கருவி சுமத்தல்: இரண்டு எந்திர வாள்களை எடுத்துச் சென்று திரும்புதல்.
4. ஏணி உயர்த்துதல்: சுமார் 7.3 மீட்டர் நீள ஏணியை நிமிர்த்துதல், நீட்டுதல்.
5. கட்டாய நுழைவு: சுமார் 4.5 கிலோகிராம் சம்மட்டியால் பொறியை அடித்தல்.
6. தேடுதல்: இருண்ட, தடைகள் நிறைந்த சுரங்கப்பாதையில் தவழ்ந்து செல்லுதல்.
7. மீட்டல்: சுமார் 75 கிலோகிராம் எடையுள்ள மனித உருவப் பொம்மையை இழுத்துச் செல்லுதல்.
8. உட்கூரை தகர்த்தல்: கொக்கியுள்ள நீண்ட தடியால் உட்கூரையை மேலே குத்துதல், கீழே இழுத்தல்.

முதற்பகுதியிலேயே கால்கள் களைத்துவிடுவதால், வலிமையை விடத் தாங்குதிறனே முதன்மை பெறுகிறது. எனவே விண்ணப்பித்தோர் அழைப்பு வரும் வரை காத்திராமல், பல மாதங்கள் முன்னரே பயிற்சி தொடங்குவது நலம்.

இதில் தேறியவர்களுக்குப் பின்புல ஆய்வும், உடல்நலம், உளநலம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் நடைபெறும்.

பயிற்சிக் கழகம்

தெரிவு செய்யப்பட்டோர் ராண்டல்ஸ் தீவில் உள்ள பயிற்சிக் கழகத்தில் சுமார் 18 வாரங்கள் பயில்வர். தீயின் இயல்பு, கட்டட அமைப்பு, குழாய் மற்றும் ஏணிப் பயன்பாடு, மூச்சுக் கருவி அணிந்து இயங்குதல், முதலுதவி ஆகியவை கற்பிக்கப்படும். பின்னர் தகுதிகாண் வீரராகத் தீயணைப்பு நிலையம் ஒன்றில் சேர்வர். அங்கே மூத்த வீரர்களிடமிருந்து வேலையைக் கற்றுக்கொள்வர்.

வழக்குகளும் மாற்றங்களும்

1977 ஆம் ஆண்டுத் தேர்வில் முதன்முறையாகப் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர். எழுத்துத் தேர்வில் தேறிய பெண்களுள் ஒருவர்கூட உடல் தேர்வில் தேறவில்லை. அவர்களுள் ஒருவரான பிரெண்டா பெர்க்மன் வழக்குத் தொடுத்தார். உடல் தேர்வு பணியோடு தொடர்புடையது என்பதை நகரம் மெய்ப்பிக்கவில்லை என நீதிமன்றம் 1982 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மாற்றியமைக்கப்பட்ட தேர்வில் தேறி, சுமார் 40 பெண்கள் அவ்வாண்டே துறையில் சேர்ந்தனர். பெர்க்மன் பின்னாளில் கேப்டனாக உயர்ந்து 2006 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

எழுத்துத் தேர்வும் வழக்குக்கு உள்ளானது. நகர மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவராக இருந்தபோதும், தீயணைப்பு வீரர்களுள் அவர்களின் பங்கு சுமார் 3 விழுக்காடாகவே இருந்தது. 2007 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. கறுப்பினத் தீயணைப்பு வீரர்களின் அமைப்பான வல்கன் சங்கமும் (1940) இவ்வழக்கில் இணைந்தது. 1999, 2002 ஆம் ஆண்டுகளின் எழுத்துத் தேர்வுகள் கறுப்பின, இசுப்பானிய விண்ணப்பதாரர்களைச் சட்டத்திற்கு மாறாகப் பாதித்தன என்று நீதிபதி நிக்கலஸ் கரௌஃபிஸ் 2009 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தார். அத்தேர்வுகளில் பெறும் மதிப்பெண், பணியை ஒருவர் எவ்வளவு சிறப்பாகச் செய்வார் என்பதைக் காட்டுவதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை ஆகும். இதன் பின்னரே 2012 ஆம் ஆண்டின் புதிய தேர்வு உருவாக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் நகரம் 98 மில்லியன் டாலர் அளவிலான உடன்பாட்டிற்கு இசைந்தது.

பதவி உயர்வு

வீரர்கள் தேர்வுகள் எழுதி லெப்டினன்ட், கேப்டன், பட்டாலியன் தலைவர் எனப் படிப்படியாக உயரலாம். வெளியிலிருந்து எவரும் நேரடியாக லெப்டினன்ட் பதவியில் சேர இயலாது. அனைவரும் வீரராகவே தொடங்க வேண்டும்.

பணியின் இடர்கள்

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களில் இத்துறையைச் சேர்ந்த 343 பேர் உயிரிழந்தனர். உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளில் பணியாற்றியதால் ஏற்பட்ட புற்றுநோய், நுரையீரல் நோய் முதலியவற்றால் பின்னர் இறந்த துறையினரின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் 343 ஐ எட்டியது. நெருப்பை விடப் புகையும் நச்சுத் தூசியும் நீண்ட காலம் கொல்லக்கூடியவை. எனவே மூச்சுக் கருவியை முறையாக அணிதலும், தீயணைத்த பின்னர் பாதுகாப்பு உடைகளைத் தூய்மை செய்தலும் வீரர்கள் கைக்கொள்ள வேண்டிய இன்றியமையாத பழக்கங்கள் ஆகும்.