பேய் தேடப் புறப்படுவோருக்கு ஒரு ரயில் நிலையத்தின் பாடம்

புது தில்லி: மேற்கு வங்க மாநிலம் புருலியா மாவட்டத்தில் உள்ள பேகுன்கோதர் ரயில் நிலையம் 1967-ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. வெள்ளப் பெருக்கோ, தண்டவாளப் பழுதோ அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. வெள்ளைச் சேலை உடுத்திய பெண் உருவம் ஒன்று இரவில் தண்டவாளத்தின் ஓரம் நடமாடுவதாக நிலைய அதிகாரி கூறினார்; சிறிது காலத்தில் அவர் இறந்துபோகவே, அங்கு பணியாற்ற ஊழியர்கள் மறுத்தனர் என்பதே ஊரறிந்த காரணம். 1960-இல் திறக்கப்பட்ட நிலையம் ஏழே ஆண்டுகளில் ஆளரவமற்றுப் போனது. அடுத்த 42 ஆண்டுகள் ரயில்கள் அங்கு நிற்காமலே கடந்து சென்றன.

அந்த நிலையம் மீண்டும் திறக்கப்பட்ட அதே 2009-ஆம் ஆண்டில்தான், தில்லியில் கௌரவ் திவாரி 'இந்தியன் பாராநார்மல் சொசைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் 2016-இல் காலமானார். எனினும் கருவிகளுடன் இரவில் பேய் தேடிச் செல்லும் ஆர்வம் பெருநகர இளைஞர்களிடையே பரவியது. அரசும் இதில் பின்தங்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் கட்டிய வேட்டை மாளிகையான மால்சா மஹாலுக்கு, 2023-ஆம் ஆண்டு ரூ. 800 கட்டணத்தில் 'அமானுஷ்ய நடை'யைத் தொடங்கியது தில்லி சுற்றுலாத் துறை.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குவோர் முதலில் கருவிகளைத்தான் தேடுகின்றனர். ஆனால் சட்டமும் விசாரணையும் முந்த வேண்டும். கருவி கடைசியில்தான் வர வேண்டும்.

அறிவிப்புப் பலகை சொல்வது என்ன?: ராஜஸ்தானின் பான்கர் கோட்டையில், சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நுழையக் கூடாது என்று இந்தியத் தொல்லியல் துறை பலகை வைத்துள்ளது. 'அரசே பேயை ஒப்புக்கொண்டுவிட்டது' என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்தப் பலகையில் பேய் என்ற சொல்லே இல்லை. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள் பொதுவாகவே சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும். பான்கரோ சரிஸ்கா புலிகள் காப்பகத்தை ஒட்டியது. அனுமதியின்றி இரவில் சுவரேறிக் குதிப்பவர் எதிர்கொள்ள வேண்டியவை வழக்கும் வனவிலங்கும்தான். எனவே, இடத்தின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுவதும், காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும், பகலிலேயே ஒருமுறை சென்று இடிபாடுகளையும் கிணறுகளையும் பார்த்து வைப்பதும் முதல் கடமைகள். தனியாக எவரும் செல்லலாகாது.

யார் சொன்னது?: அடுத்த கட்டம் சாட்சிகள். பார்த்ததாகச் சொல்பவர்களைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் போடக் கூடாது. நேரில் கண்டவர் எத்தனை பேர், கேள்விப்பட்டவர் எத்தனை பேர் என்று பிரித்தெழுதினாலே பாதிக் கதை உதிர்ந்துவிடும். கதையால் ஆதாயம் அடைபவர் யார், இழப்பவர் யார் என்ற கேள்வியும் அவசியம்.

பேகுன்கோதரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தனர். நிலையத்தைத் திறக்கக் கோரி கிராம மக்கள் குழு அமைத்துப் பல ஆண்டுகள் முறையிட்டனர். பாங்குரா தொகுதியின் மார்க்சிஸ்ட் எம்.பி.யும், நாடாளுமன்ற ரயில்வே நிலைக்குழுவில் பணியாற்றியவருமான வாசுதேவ் ஆச்சார்யா இதைக் கையில் எடுத்தார். ஒதுக்குப்புறமான ஊரில் வேலை பார்க்க விரும்பாத ஊழியர்கள் கட்டிய கதையே இது என்பது அவர் கருத்து. மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2009-இல் பயணிகள் ரயில் அங்கு மீண்டும் நின்றது.

கருவி எதைக் காட்டும்?: மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி மின்காந்தப் புலத்தை மட்டுமே அளக்கும். பழைய மின்கம்பி, கைப்பேசி, மின்மாற்றி எதன் அருகிலும் அதன் முள் துள்ளும். புகைப்படத்தில் தோன்றும் ஒளி உருண்டைகள் பெரும்பாலும் ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட தூசியும் பூச்சியும். ஒலிப்பதிவின் இரைச்சலில் மனித மனம் சொற்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொள்ளும். இங்கிலாந்துப் பொறியாளர் விக் டேண்டி, தமது ஆய்வுக்கூடத்தில் தமக்கு ஏற்பட்ட அச்சத்துக்கும் கண்ணோரம் தெரிந்த சாம்பல் நிற உருவத்துக்கும், ஒரு மின்விசிறி எழுப்பிய, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணமாக இருக்கலாம் என்று 1998-இல் எழுதினார். ஆகவே விலை உயர்ந்த கருவியைவிட ஒரு கைவிளக்கு, கடிகாரம், குறிப்பேடு ஆகியவையே தொடக்க நிலையினருக்குப் பயன்படும். காற்று, வெளிச்சம், கடந்து சென்ற வாகனம் என ஒவ்வொன்றையும் நேரத்துடன் குறிக்க வேண்டும்.

இந்த முறைக்கு நல்ல உதாரணமும் பேகுன்கோதரிலேயே கிடைத்தது. மறுதிறப்புக்குப் பின்னும் இருட்டியதும் அங்கு நிற்கப் பயணிகள் தயங்கினர்; 'பேய் நிலையம்' பார்க்க வெளியூரார் வரத் தொடங்கினர். 2017 டிசம்பரில் 'பஸ்சிம் பங்க விஞ்ஞான் மஞ்ச்' அமைப்பினர் கைவிளக்குகள், கேமராக்களுடன் அங்கு இரவில் காத்திருந்தனர். பேய் வரவில்லை. நிலையத்தின் பின்புறம் மறைந்திருந்து விநோத ஒலி எழுப்பிய ஆள்கள் சிலரைக் கண்டதாகவும், வெளிச்சம் பட்டதும் அவர்கள் ஓடிவிட்டதாகவும் குழுவினர் தெரிவித்தனர்.

விளையாட்டு வினையாகும் இடம்: ஓர் ஊரில் பேய் உண்டு என்று அறிவித்துவிட்டு நகரத்துக்குத் திரும்புவது எளிது. 'ஏவியது யார்?' என்ற கேள்வி பின்னர் ஊருக்குள் எழும். பெரும்பாலும் அது ஆதரவற்ற ஒரு பெண்ணின் வாசலில் போய் நிற்கும். சூனியக்காரி என்று முத்திரை குத்துவதற்கு எதிராக பிகார் 1999-இலும், ஜார்க்கண்ட் 2001-இலும் சட்டம் கொண்டுவர நேர்ந்தது இதனால்தான். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காகப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே அங்கு அச்சட்டம் பிறந்தது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. பேய் தேடுவதற்கு அது தடையல்ல. தேடும் முறைக்கு அது வழிகாட்டி. எதுவும் தென்படாத இரவையும் 'எதுவும் தென்படவில்லை' என்று எழுதி, அதை அந்த ஊர் மக்களிடமே சொல்லிவிட்டு வருபவர்தான் தேர்ந்த தேடலாளர். பேகுன்கோதர் மக்களுக்கு 1967-இல் அப்படி ஓர் ஆள் கிடைத்திருந்தால், ஒரு தலைமுறை தன் ஊர் வழியாகச் சென்ற ரயிலை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை.