துருவல் பொட்டலத்தின் உறை

கொழிஞ்சாம்பாறையில் தேங்காய்க்குப் பஞ்சம் கிடையாது. சுற்றுப்புறமெங்கும் தென்னந்தோப்புகளே. அவ்வூர் வீடுகளில் சட்னிக்குத் தேங்காய் வேண்டுமாயின், அப்பொழுதே ஒன்றை உடைத்துத் துருவி, அரைத்து, இலையில் பரிமாறிவிடுவர். உடைத்த காய்க்கும் உண்ணும் வாய்க்கும் இடையே ஒரு மணி நேரம்கூடச் செல்வதில்லை.

அங்கிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய நம் குடும்பங்களில், தேங்காய் என்பது பெரும்பாலும் ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும் துருவல் பொட்டலமே. எங்கோ ஒரு தொழிற்சாலையில் பல கைகள் உடைத்து, இயந்திரத்தில் துருவி, உறையவைத்துக் கப்பலேற்றிய பண்டம் அது. அதைப் பழிப்பதற்கில்லை. அதன் தயவு இல்லாவிடில் இந்நாட்டில் நமக்கு அவியல் ஏது, சட்னி ஏது?

எனினும் ஒரு தவறான எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உறைந்த பண்டத்தில் கிருமி இராது என்று பலரும் நம்புகிறார்கள். உறைகுளிர் கிருமியை உறங்கச் செய்கிறதேயன்றி முற்றிலும் கொல்வதில்லை. ஓட்டுக்குள் இருக்கும்வரை தேங்காய்ப் பருப்பு தூய்மையாகவே இருக்கிறது. உடைத்தபின் படும் நீர், கத்தி, கை இவற்றின் வழியே சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் சேரக்கூடும். கொதிக்கும் குழம்பில் அவை மடிந்துவிடும். சட்னியிலும் பச்சடியிலும் அப்படியன்று. "தாளித்துக் கொட்டுகிறோமே!" என்பர் சிலர். ஒரு கரண்டி எண்ணெய் மேற்பரப்பைச் சுடும். கிண்ணம் முழுவதையும் சுடுமா?

இது புதிய சங்கதியன்று. 1960ஆம் ஆண்டை ஒட்டி, இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற உலர்ந்த தேங்காய்த் தூளில் இதே கிருமியைக் கண்டுபிடித்தனர். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் 'கோகோநட் ட்ரீ' என்னும் பெயருள்ள உறைந்த தேங்காய்த் துருவலை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அது வியட்நாமில் தயாரானது. ஒன்பது மாநிலங்களில் 27 பேர் நோயுற்றனர். ஆறு பேர் மருத்துவமனை சென்றனர். 2025 ஜூலையில் இந்தியாவிலிருந்து வந்த 'டீப்' என்னும் பெயருள்ள உறைந்த முளைப்பயறு திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு வந்தபோது பத்து மாநிலங்களில் 11 பேர் நோயுற்றிருந்தனர். அவர்களுள் முதலாமவர் நோய்ப்பட்டது 2024 அக்டோபரில்! உறைந்த பண்டம் மாதக்கணக்கில் வீட்டிலேயே தங்குகிறது. அதனால் அபாயமும் உடன் தங்குகிறது. ஐரோப்பாவில் உறைந்த மக்காச்சோளத்தோடு தொடர்புடைய லிஸ்டீரியா நோய் 2015 முதல் 2018 வரை 47 பேரைப் பற்றியது; ஒன்பது பேர் இறந்தனர்.

இத்தகைய அறிவிப்பு வரும்போது அதில் பண்டத்தின் பெயரோடு லாட் நம்பர் என்னும் தொகுதி எண்ணும் தேதியும் குறிக்கப்பட்டிருக்கும். எல்லாப் பொட்டலமும் கெட்டதன்று. அந்த எண்ணுள்ளவையே விலக்கத்தக்கவை. அந்த எண் எங்கே இருக்கிறது? உறையின் மீது. நாம் செய்வதென்ன? கடையிலிருந்து வந்தவுடன் பொட்டலத்தைப் பிரித்துத் துருவலை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, உறையைக் குப்பையில் எறிகிறோம். பின்னர் எந்த அறிவிப்பு வந்தாலும் நம் டப்பாவுக்கு அது பொருந்துமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. என் வீட்டிலும் நெடுநாள் இதுவே வழக்கம்.

வழி எளிது. பெயரும் எண்ணும் உள்ள பகுதியைக் கத்தரித்து, சிறு பிளாஸ்டிக் பையிலிட்டு, டப்பாவின் மீது ஒட்டிவிடலாம். பழைய துருவல் தீருமுன் புதியதை அதனுடன் கலக்கலாகாது. அறிவிப்பில் நம் எண் இருந்தால் முகர்ந்தோ சுவைத்தோ சோதிக்க வேண்டா. இக்கிருமிக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. "வீணாகிறதே" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் தகாது. கடையில் திருப்பித் தரலாம். இல்லையேல் நன்கு கட்டிக் குப்பையில் இடலாம். டப்பாவையும் கரண்டியையும் வைத்த தட்டையும் சோப்புநீரில் கழுவ வேண்டும். அதை உண்டபின் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டால் மருத்துவரிடம் எதை உண்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் விஷயத்தில் தாமதம் கூடாது.

ஊரிலுள்ள பெற்றோருக்கும் இது அயலான செய்தியன்று. இந்தியாவிலும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், திரும்பப் பெறுதல் பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. உறைந்த பட்டாணி வாங்கும் வீடுகளில் அவர்களும் உறையைப் பார்க்கலாம்.

நம் சங்கத்துப் பொங்கல் விருந்து நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு இரண்டு பொட்டலமாகத் துருவல் வந்து சேர, எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிச் சட்னி அரைக்கிறோம். நூறு பேர் உண்ணும் சட்னியில் எத்தனை எண்கள் கலந்தன என்பது யாருக்குத் தெரியும்? சமையற் பொறுப்பேற்கும் அன்பர்கள் இனி உறைகளை ஒரு பையில் சேர்த்துக் கட்டி, விருந்து முடிந்து இரண்டு வாரமாவது பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.