வகுப்பறைத் தரைக்குக் கீழே

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு ஏ.ஆர். பாடம் தயாரிக்கலாம் என்று இறங்கினேன். ஏ.ஆர். என்றால் மிகை மெய்ம்மை. செல்போன் கேமராவை மேசைப் பக்கம் காட்டினால் மேசையும் தெரியும், அதன் மேல் இல்லாத ஒரு பொருளும் இருப்பது போலத் தெரியும். சுற்றி நடந்தால் அதன் பின்பக்கத்தையும் பார்க்கலாம். 2016-இல் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது தெருத்தெருவாகப் போனை நீட்டிக்கொண்டு அலைந்தார்களே, அதே நுட்பம்தான்.

என்ன பாடம் எடுப்பது என்று பேச ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. முதல் சுற்றில் வந்தவற்றில் பாதி டைனோசர். மீதி புலி, சிங்கம், ராக்கெட். பிள்ளைகள் மேல் தப்பில்லை. "போனில் எதைப் பார்க்க ஆசை?" என்று நான் கேட்டதுதான் தப்பு.

1990 வாக்கில் போயிங் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் காடெல் இந்த நுட்பத்துக்குப் பெயர் வைத்தபோது, அவர் முன்னால் ஒரு சிக்கல் இருந்தது. விமானத்துக்கு ஒயர் கட்டுகிறவர்களுக்கு, எந்த ஒயர் எங்கே போகும் என்பது வேலை செய்கிற பலகையிலேயே தெரிய வேண்டும். அவர் தொடங்கியது ஆசையிலிருந்து அல்ல, சிக்கலிலிருந்து. அதனால் இரண்டாம் சுற்றில் நானும் கேள்வியை மாற்றினேன். "புத்தகத்தில் படம் இருந்தும் எது உங்களுக்குப் பிடிபடவில்லை? பரீட்சையில் மார்க் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்த சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செம்பருத்தியில் சூலகம் எங்கே என்று ஒரு சீட்டு. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் செடியே நிற்கிறது. பூவைப் பறித்து பிளேடால் கீறிக் காட்டினேன். தேய்பிறை ஏன் வருகிறது என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். பூமியின் நிழல் விழுவதால் என்று பாதி வகுப்பு நம்பிக்கொண்டிருந்தது. அது சந்திர கிரகணத்துக்கான காரணம். புத்தகப் படத்தில் பூமியும் நிலாவும் ஒட்டி ஒட்டி இருப்பதால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி ஒரு சாத்துக்குடி என்றால், நிலா எட்டு அடி தள்ளி வைத்த சின்ன நெல்லிக்காய். ஜன்னலைச் சாத்தி, டார்ச் அடித்துப் புரிய வைத்தோம். கையில் கிடைக்கிற பொருளுக்குப் போன் எதற்கு?

கடைசியில் நின்றது ஒரே சீட்டு. எழுதியவள், அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை பார்க்கும் பெண். "போர் போடும்போது மொதல்ல புழுதி வருது, அப்புறம் தண்ணி வருது. நடுவுல என்ன இருக்கு?" கீழே ஆறு ஓடுகிறது என்று பையன்கள் சொன்னார்கள். இந்தப் பக்கமெல்லாம் கடினப் பாறை. தண்ணீர் அதன் விரிசல்களில்தான் தங்குகிறது. ஐம்பது அடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்றில் தண்ணீர் வந்து மற்றொன்று பொய்த்துப்போவது அதனால்தான். இதைப் பூப்போலப் பறித்துவந்து காட்ட முடியாது, குனிந்து பார்க்கவும் முடியாது. ஏ.ஆர். செய்ய வேண்டியது இதைத்தான்.

போனைத் தொடும் முன் சார்ட் தாளில் வரைந்தோம். பத்து அடிக்கு ஒரு அங்குலம். 600 அடி போர், ஐந்தடி நீளத் தாள். மேலே இரண்டு அங்குலம் செம்மண், அதன் கீழே ஆறு அங்குலம் உதிர்ந்த பாறை, மீதியெல்லாம் சாம்பல் நிறம். அதன் நடுவே விரிசலுக்காக நீலப் பென்சிலால் இரண்டே இரண்டு கோடு. அந்தப் பெண் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "டீச்சர், நீலம் இவ்வளவுதானா?" என்றாள். நான் எடுத்த எந்தப் பாடமும் இப்படி ஒரு பிள்ளையின் முகத்தில் இறங்கிப் பார்த்ததில்லை.

மைண்ட்-ஏஆர் என்ற இலவச மென்பொருளை வைத்துச் செய்கிறோம். தரையில் ஓர் அட்டையைப் போட்டுப் போனைக் காட்டினால், தரை பிளந்து குழி தெரிய வேண்டும். அட்டையில் புள்ளிக் கோலம் போட்டார்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எது மேல், எது கீழ் என்று கேமரா தடுமாறியது. பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை வரைந்து ஒட்டினோம், உடனே பிடித்துக்கொண்டது.

இப்போது எங்களுக்கு வேண்டியது உண்மையான ஆழக் கணக்கு. போர் போட்ட பில்லில் கேசிங் பைப் எத்தனை அடி இறக்கினார்கள் என்று இருக்கும். கெட்டிப் பாறை ஏறக்குறைய எங்கே தொடங்குகிறது என்பதை அதுவே சொல்லிவிடும். உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு பழைய பில் கிடந்தால், தூக்கிப் போடாமல் உங்கள் ஊர்ப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.